மூன்று சக்கரத்தில் ஒரு பெருங்குரல்

விளம்பர ஆட்டோ வராத தெரு நம் பக்கத்தில் கிடையாது. ஆடித் தள்ளுபடி, கோயில் கொடை, தேர்தல், துக்கச் செய்தி எல்லாம் அதில்தான் வரும். அந்த ஆட்டோவின் கூரையில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கரின் கதை நூறு ஆண்டுகளுக்கும் மேல் பழையது.

டென்மார்க்கில் பிறந்த பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதமும் 1915இல் கலிபோர்னியாவில் ஒலிபெருக்கியைப் பொதுமக்கள் முன் ஒலிக்கச் செய்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் மேக்னவாக்ஸ். லத்தீனில் பெருங்குரல் என்று பொருள். 1919இல் சான் டியாகோ மைதானத்தில் அமெரிக்க ஜனாதிபதி வில்சன் அதன் வழியே பெருங்கூட்டத்துக்கு முன் பேசினார்.

நம் ஊரில் அதற்கு முன்பும் பின்பும் தண்டோராதான். டூரிங் டாக்கீஸில் படம் மாறினால் மாட்டு வண்டியில் தட்டி கட்டி, மேளம் அடித்து, நோட்டீஸ் வீசிக்கொண்டு போவார்கள். வண்டிக்குப் பின்னால் ஓடி நோட்டீஸ் பொறுக்கியவர்களில் நானும் ஒருவன். மைக் செட் வந்ததும் முதலில் வேலை இழந்தவர் மேளக்காரர்.

அந்தக் கால வால்வு ஆம்ப்ளிஃபயரை வண்டியில் ஏற்றுவது லேசான காரியம் இல்லை. வால்வுக்கு உயர் மின்னழுத்தம் வேண்டும். பேட்டரி மின்சாரத்தை அதற்கேற்ப மாற்றத் தனிக் கருவி வைக்க வேண்டும். 1947இல் பெல் ஆய்வகம் கண்டுபிடித்த டிரான்சிஸ்டர், பின்னாளில் ஆம்ப்ளிஃபயருக்குள் வந்து இந்தத் தொல்லையைத் தீர்த்தது. 12 வோல்ட் பேட்டரியே போதும் என்றாயிற்று. 1959இல் உரிமம் பெற்று பஜாஜ் தயாரித்த மூன்று சக்கர வண்டிகளும் ஊரெங்கும் பரவியிருந்தன. கார் நுழையாத சந்திலும் ஆட்டோ நுழையும். குழாயும் ஆட்டோவும் சேர்ந்தது இப்படித்தான்.

ஏன் குழாய்? சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர், வாங்கும் மின்சக்தியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கைத்தான் ஒலியாக்கும். குழாய் அதைப் போல் பல மடங்கு ஆக்கும். தபேலாவின் அடிநாதம் அதில் கேட்காது. மனிதக் குரல் கணீரென்று கேட்கும். ஒலியைக் கூட்ட நினைப்பவர்கள் 30 வாட் ஆம்ப்ளிஃபயரை மாற்றி 60 வாட் வாங்குவார்கள். கூடுவது 3 டெசிபல்தான், காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. குழாயைச் சரியான திசையில் திருப்பிக் கட்டினாலே அதைவிடப் பலன் உண்டு.

பிறகு கேசட் வந்தது. அடுத்து மெமரி கார்டு. இந்த முறை வேலை போனது அறிவிப்பாளருக்கு. எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தார். சாவு வீட்டுக்கு முன்னால் பந்தலைக் கண்டால் மைக்கை அணைத்துவிட்டு, தெரு முக்கு தாண்டித்தான் மறுபடி பேசுவார். பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்றாலும் அப்படியே. அவரிடம் யாரும் சொன்னதில்லை. கண்ணால் பார்த்தார், வாயை மூடினார், அவ்வளவுதான். கேசட் வந்த பிறகு அவருக்கு வேலை கொடுப்பார் இல்லை. கடைசியில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தார்.

2000ஆம் ஆண்டு மத்திய அரசு ஒலி மாசு விதிகளைக் கொண்டுவந்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. 2005இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இது பெரிய நிம்மதி, சந்தேகமில்லை. ஆனால் பகல் 11 மணிக்குச் சாவு வீட்டைக் கடக்கும் மெமரி கார்டுக்கு எந்த விதி சொல்லிக்கொடுக்கும்?

உங்கள் ஊரில் நேரில் மைக் பிடித்துப் பேசும் அறிவிப்பாளர் இன்னும் இருந்தால், ஒரு நாள் உட்கார்ந்து அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். குழாய் கடையில் கிடைக்கும். அவர் தலைமுறை போனால் போனதுதான்.