அலியானோ: தண்டனையாக வந்த ஊர்

தென் இத்தாலியின் பசிலிக்காட்டாவில், மழை அரித்த களிமண் பள்ளங்களின் மேலே நிற்கிறது அலியானோ. கார்லோ லெவியின் பொருட்டே நாம் அங்கு ஏறிச் சென்றோம். தூரின் நகரத்து ஓவியர், மருத்துவமும் பயின்றவர். பாசிசத்தை எதிர்த்தமையால் 1935-இல் இப்பகுதிக்குக் கடத்தப்பட்டார். மலேரியாவால் நலிந்த குடியானவர்கள் அவர் வாயிலை நாடினர். அதிகாரிகளோ அவர் மருத்துவம் பார்ப்பதைத் தடுத்தனர். 1936-இல் விடுதலை.

1945-இல் வெளியான ‘கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்’ இவ்வூரின் கதையே. தலைப்பைக் கண்டு சமய நூலென எண்ணிவிட வேண்டாம். அரசோ நாகரிகமோ எபோலியைத் தாண்டித் தம்மிடம் வந்ததில்லை என்ற ஊராரின் மனக்குறை அது. நமக்கு அந்நூலின் உயிரே அத்தலைப்புதான்.

ரோமில் 1975-இல் மறைந்த லெவியின் உடல், அவர் விரும்பியவாறே, அலியானோவின் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. அங்குச் சற்றுநேரம் பேசாமல் நின்றிருந்தோம்.