இலங்கையில் மலேரியாக் கண்காணிப்பு

1934-35 இல் இலங்கையில் பரவிய மலேரியாவால் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடுவீடாக டி.டி.டி. தெளிக்கப்பட்டது. நோய் வேகமாகக் குறைந்தது. 1963 இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர்கள் 17 பேர் மட்டுமே.

இந்தச் சிறிய எண்ணே வினையாயிற்று எனலாம். மருந்து தெளிப்பது நிறுத்தப்பட்டது. காய்ச்சல் கண்டவர்களின் இரத்தத்தைச் சோதிக்கும் பணியும் தளர்ந்தது. பின்னர் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கின. இலங்கையில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு முட்டையிடுவது அத்தகைய குட்டைகளில்தான். 1969 இல் மட்டும் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர்.

இரண்டாம் முறை அவ்வாறு விடவில்லை. போர் நடந்த பகுதிகளுக்கும் நடமாடும் பரிசோதனைக் குழுக்கள் சென்றன. ஒருவருக்கு நோய் உறுதியானால் அவரைச் சுற்றியிருப்போரின் இரத்தமும் சோதிக்கப்பட்டது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிந்த நாடாகச் சான்றளித்தது.

அதன் பிறகும் மலேரியாத் தடை இயக்கம் பரிசோதனையை நிறுத்தவில்லை. 2018 இறுதியில் மொனராகலை மாவட்டத்தில், வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரிடமிருந்து உள்ளூரவர் ஒருவருக்கு நுளம்பு வழியே நோய் தொற்றியது. உடனே கண்டறிந்ததால் அது மேலும் பரவவில்லை.