ஐந்து காசு தண்டம்

பொருநைக் கரையிலே – வரலாற்றுத் தொடர்

ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் வந்துவிட்டால் ஏரலில் கால் வைக்க இடம் இருக்காது. தென்மாவட்ட மக்கள் அத்தனை பேரும் தாமிரபரணிக் கரைக் கோயிலுக்குத்தான் வருகிறார்கள். அங்கே இருக்கும் சாமியின் பெயர் சேர்மன் அருணாசல சுவாமி. 1880-ல் மேலப்புதுக்குடியில் பிறந்தவர். 1906-ல் ஏரல் ஊர் நிர்வாகத்தின் சேர்மன் பொறுப்பை ஏற்றார். 1908 ஆடி அமாவாசையன்று, முப்பது வயதைக்கூட எட்டாமல் மறைந்தார். ஊரார் அவரைத் தெய்வமாகக் கும்பிடத் தொடங்கியபோதும் அந்தப் பதவிப் பெயரை விட்டுவிடவில்லை. ஊர் மன்றத்தில் நேர்மையாக உட்கார்ந்திருப்பதும் கும்பிடத் தக்க காரியம் என்று இந்த மண் நினைத்திருக்கிறது.

அவர் சேர்மன் நாற்காலியில் அமர்ந்த அதே 1906-ல், இதே பள்ளத்தாக்கில் கல்வெட்டுத் துறையினர் ஒரு பழைய எழுத்தைப் படியெடுத்தார்கள். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் இருக்கும் மானூரின் அம்பலவாணர் கோயில் கல்வெட்டு அது. மாறஞ்சடையன் என்ற பாண்டியனின் 35-ஆம் ஆட்சியாண்டில், வட்டெழுத்தில் வெட்டப்பட்டது. காலம் ஏறத்தாழ கி.பி. 800. ஊர்ச்சபை என்றாலே நாம் சொல்லும் உத்திரமேரூர் கல்வெட்டுகள் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. அவற்றின் ஆண்டுகள் 919, 921. மானூர் அவற்றுக்கு நூறு ஆண்டுக்கு மேல் மூத்தது.

அன்று மானூரின் பெயர் மானநிலைநல்லூர். களக்குடி நாட்டைச் சேர்ந்த பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட ஊர். ஊரில் நிலப்பங்கு உள்ளவர்களே சபையினர். பறையறைந்து ஊருக்கு அறிவித்து, பெருங்குறி மகாசபையாகக் கூடி, இனிமேல் சபை எப்படி நடக்க வேண்டும் என்று அவர்களே தங்களுக்கு விதி செய்துகொண்டார்கள்.

முதல் விதி தகுதியைப் பற்றியது. ஒரு பங்குக்காரருக்குப் பிள்ளைகள் பலர் இருந்தாலும், வேதத்தின் மந்திர பிராமணமும் ஒரு தருமநூலும் கற்று, நல்ல நடத்தையும் உடைய ஒருவரே அந்தப் பங்குக்காகச் சபையில் பேசலாம். விலைக்கு வாங்கியோ, தானமாகவோ, சீதனமாகவோ பங்கு பெற்றவர்களுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. காலே அரைக்கால் என்று நிலத்தைப் பிரிப்பது போலச் சபை உறுப்பினர் உரிமையையும் கால், அரை, முக்கால் என்று துண்டு போட முடியாது என்று விதித்தார்கள். முழுப்பங்கு இல்லாதவர் எந்த வாரியத்திலும், அதாவது சபையின் செயற்குழுவிலும், ஏற முடியாது. பணம் உள்ளவர் சிறு பங்குகளை வாங்கிச் சேர்த்து, தன் ஆட்களால் அவையை நிரப்பும் வழி இதனால் அடைபட்டது.

இந்தக் கல்வெட்டின் உயிர் அடுத்த விதியில் இருக்கிறது. தகுதி பெற்று உள்ளே வந்தவரும், எந்தப் பொருள் அவைக்கு வந்தாலும் ‘அன்று, அன்று’ என்று மறுத்துக்கொண்டே இருக்கக் கூடாது. இப்படி முட்டுக்கட்டை போடுவதைக் கல்வெட்டு ‘குத்துக்கால்’ என்கிறது. மீறினால் ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து காசு தண்டம். அவருக்குத் துணை நின்றவருக்கும் அதே தண்டம்.

ஏன் இவ்வளவு கறார்? மானூருக்குப் பெரிய குளம் உண்டு. தாமிரபரணியின் துணையாறான சிற்றாற்றுத் தண்ணீரை நம்பிய ஊர் அது. மடையை எப்போது திறப்பது, கரையை யார் அடைப்பது, முறைப்பாசனத்தில் யார் முதலில் பாய்ச்சுவது என்பதையெல்லாம் நாள்கணக்கில் ஒத்திப்போட முடியாது. ஒருவரின் வீம்பு நூறு வயலைக் காயவைத்துவிடும். குளத்தை நம்பிய எந்த ஊருக்கும் இது தெரியும்.

உத்திரமேரூர் பெரும்பாலும் யார் அவைக்குள் வரலாம் என்பதைப் பேசுகிறது. கால்வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது வேண்டும். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது. குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப் பிரிவுகளிலும் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத சிறுவனைக் கொண்டு எடுப்பிப்பார்கள். அந்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். மானூர் அடுத்த கேள்விக்கும் விடை சொல்கிறது: உள்ளே வந்தவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? இரண்டு கல்வெட்டையும் சேர்த்து வாசித்தால்தான் தமிழ்நாட்டுச் சபையின் முழு உருவம் கிடைக்கும்.

அவை கூடிய இடத்தையும் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்து ஊர்களில் பொதுக்காரியம் பேசக் கோயில் மண்டபமே இடம் தந்தது. மழைத்தண்ணீர் ஏறாத உயரத்தில் கல் தளம், வரிசையாகத் தூண்கள், மேலே கற்பலகைக் கூரை. பக்கங்கள் திறந்திருப்பதால் உள்ளே காற்றும் வெளிச்சமும் வரும், பேச்சு வெளியே கேட்கும். உத்திரமேரூரில் இந்த அமைப்பு இன்னும் வளர்ந்தது. இன்று வைகுண்டப் பெருமாள் கோயில் எனப்படும் கட்டடமே அன்றைய சபை மண்டபம். அதன் உயர்ந்த அடித்தளத்திலும் சுவரிலும் எழுத்துகள் நிறைந்திருக்கின்றன. தனக்கான சட்டத்தைச் சபை தன் சுவரிலேயே வெட்டிவைத்தது. தலைவர் மாறலாம், அரசன் மாறலாம், ஓலை செல்லரிக்கலாம். ஆனால் சுவரில் இருக்கும் விதியைப் படித்துக் காட்டி யாரும் கேள்வி கேட்கலாம்.

ஆங்கிலேயர் காலத்து மன்றக் கட்டடங்கள் வேறு வகை. விக்டோரியாவின் பொன்விழா நினைவாகச் சென்னையில் எழுந்த விக்டோரியா பொது மண்டபம் கட்டடக் கலைஞர் சிஷோல்ம் வரைந்து, நம்பெருமாள் செட்டியார் கட்டியது. இந்தோ சாரசெனிக் பாணியில் கோபுரமும் வளைவுகளுமாகக் கம்பீரமானது. ஆனால் உள்ளே கூடுவோருக்கான விதியைச் சொல்லும் வேலை அதன் சுவருக்கு இல்லை. 1884-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் மாவட்டம், தாலுகா, யூனியன் என்று மன்றங்களை உண்டாக்கியபோது, விதிகள் சட்டப் புத்தகத்துக்குள் போய்விட்டன. ஊர்க்காரர் கண்ணில் அவை படவில்லை.

மானூர் சபையின் குறையையும் மறைக்கக் கூடாது. அது பங்குடைய பிராமணர்களின் அவை. உழுதவருக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. அந்தக் கதவு திறக்க வெகுகாலம் ஆயிற்று. 1992-ல் நிறைவேறிய 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வந்த பிறகு, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்தான். ஆண்டுக்கு ஆறு நாள் அந்தச் சபை கூடுகிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரல் கடைத்தெருவுக்குள் ஆறு புகுந்தது. ஆற்றுப் பாலத்துச் சாலை அறுந்தது. அடுத்த வெள்ளத்துக்கு முன் கரையையும் கால்வாயையும் குளத்தையும் பற்றி இந்தப் பள்ளத்தாக்கின் ஊர்கள் கூடிப் பேசியே ஆக வேண்டும். அந்தப் பேச்சில் மறுப்பும் வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டும் அவையால் பயனில்லை. மறுப்பவர் காரணம் சொல்ல வேண்டும், மாற்று வழியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஊராட்சிக் கட்டடத்திலும் கூட்டம் நடத்தும் விதிகளைப் பெரிய எழுத்தில் சுவரில் எழுதிவைப்போம். நம் முன்னோர் 1200 ஆண்டுக்கு முன் கல்லில் செய்த வேலை அது. நமக்குச் சுண்ணாம்பும் சாயமும் போதும்.

(அடுத்த இதழில்: கொற்கை)