ஆட்டத்துக்கு முந்திய சிகிச்சை: முட்டம் கடற்கரையின் மார்கழிக் கால்பந்தும் காயத் தடுப்பும்

குளிர்கால விளையாட்டுக் காயங்களைப் பற்றிய மருத்துவ ஆய்வுகளில் பெரும்பகுதி பனி விழும் நாடுகளில் எழுதப்பட்டது. பனிச்சறுக்கில் பிய்யும் முழங்கால் நார், பலகைச் சறுக்கில் விழுந்து கையூன்றும்போது முறியும் மணிக்கட்டு ஆகியவையே அவற்றின் பேசுபொருள். இந்தியாவிலிருந்து குல்மார்க்கும் ஔலியும் அந்த வரைபடத்தில் இடம்பெறும். குமரி மாவட்டத்து முட்டம் இடம்பெறாது. எனினும் முட்டம் கரைக்கும் ஒரு குளிர்கால விளையாட்டு உண்டு. டிசம்பர் முதல் வாரத்தில் கோட்டாறு சவேரியார் திருவிழா முடிந்ததும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று விடுமுறைகள் தொடரும் வாரங்களில் இந்தக் கடலோர ஊர்களில் இளைஞர் அணிகள் மோதும் கால்பந்துப் போட்டிகளே அது. இந்தக் கரையில் இயன்முறை மருத்துவம் செய்ய வேண்டிய முதல் வேலை, காயம் பட்டவர் வரும்வரை மேசையருகே காத்திருப்பதைவிட, ஆட்டத்துக்கு முன் அணிகள் தாமே செய்துகொள்ளும் இருபது நிமிடப் பயிற்சியைக் கற்றுக்கொடுப்பது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குளிர்காலக் காயம் என்றதும் குளிரில் விறைத்த தசையே நினைவுக்கு வரும். முட்டத்தில் அந்த விளக்கம் எடுபடாது. இங்கே மார்கழியிலும் பகல் வெப்பம் 30 பாகையை ஒட்டியே நிற்கும்; இரவில் அது 20-க்குக் கீழே இறங்குவது அரிது. காரணத்தை வானிலையில் தேடுவதைவிடத் தொழிலின் நாட்காட்டியில் தேடுவதே பொருத்தம். மேற்குக் கரையைச் சேர்ந்த முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பகுதிகளில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. அதன் பின்னர் தொழில் சூடுபிடிக்கிறது. ஆழ்கடலுக்குப் போனவர்கள் நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில், படகிலேயே கிடந்து கிறிஸ்துமஸை ஒட்டிக் கரை சேர்கிறார்கள். வெளியூரில் படிப்பவர்களும் வேலை பார்ப்பவர்களும் அதே வாரத்தில் ஊர் திரும்புகிறார்கள். பல வாரங்கள் ஓடாத கால்கள், திடீரென ஒரே வாரத்தில் பல ஆட்டங்களை ஆடுகின்றன. பயிற்சிச் சுமை படிப்படியாக ஏறாமல் ஒரே தாவாக ஏறுவது காயத்துக்கு வழிவிடும் என்பதில் விளையாட்டு மருத்துவர்களிடையே பெரிய கருத்துவேறுபாடு இல்லை. எவ்வளவு ஏற்றம் ஆபத்து என்று அளப்பதில்தான் விவாதம். ஆக, மார்கழி இங்கே காயத்தைக் கொண்டுவருவது பனியால் அல்ல, பழக்கமில்லாத சுமையால்.

அந்தச் சுமை உடலில் எந்த இடத்தில் உடைப்பை ஏற்படுத்துகிறது என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். கார்னர் உதை வருகிறது. தடுப்பாட்டக்காரர் தலையால் முட்ட எம்பி, ஒற்றைக் காலில் இறங்குகிறார். முழங்கால் போதிய அளவு மடங்காமல் ஏறக்குறைய நேராக நிற்கிறது. பாதம் தரையில் பதிந்துவிட, உடல் வேறு பக்கம் திரும்புகிறது. முட்டு உள்நோக்கிச் சாய்கிறது. வீரர்கள் ஏசிஎல் என்றே சொல்லும் முன்சிலுவை நாருக்கு இதைவிடக் கெட்ட நிலை இல்லை. காயக் காட்சிகளின் காணொளிகளைச் சட்டகம் சட்டகமாக ஆராய்ந்தவர்கள், பாதம் தரையைத் தொட்ட சுமார் 40 மில்லி வினாடிக்குள் நார் அறுந்துவிடுகிறது என்று கணிக்கிறார்கள். யோசித்துத் திருத்திக்கொள்ள அந்த நேரம் போதாது. முட்டு மடங்க இறங்குவதும் இடுப்பு நிலைப்பதும் முன்பே பழகியிருந்தால் மட்டுமே உதவும். தொடைப் பின்தசையின் கதையும் இப்படித்தான். முழு வேகத்தில் ஓடும்போது முன்வீசும் காலை நிறுத்திப் பிடிப்பது அந்தத் தசை. நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கும் அந்தக் கணத்தில்தான் அது கிழிகிறது. இரண்டு காயங்களிலும் உடல் தோற்பது வேகத்தை அடக்கும் திறனில்.

பனிச்சறுக்கின் வரலாறு இங்கே ஒரு பாடம் தருகிறது. காலணியைச் சறுக்குப் பலகையோடு பூட்டும் கருவி நவீனமாகி, விழும்போது தானே கழன்றுகொள்ளத் தொடங்கியதும் கெண்டைக்கால் எலும்பு முறிவுகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் முழங்கால் நார்க் காயங்கள் அப்படிக் குறையவில்லை. கருவியால் முடியாததைப் பயிற்சி செய்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் ஆய்வாளர்கள், விழும் தருணத்தில் எந்த அசைவுகள் முழங்காலைக் கெடுக்கின்றன என்பதைக் காணொளிகள் வழியே சறுக்குப் பயிற்றுநர்களுக்கும் மீட்புக் காவலர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். 1993-94 பருவத்தில், பயிற்சி பெற்றவர்களிடையே கடுமையான முட்டுச் சுளுக்குகள் 62 விழுக்காடு குறைந்தன என்று 1995-இல் வெளியான அவர்களது கட்டுரை பதிவு செய்தது. புது ஸ்டட் காலணியும் முட்டுப் பட்டையும் வாங்கிக் கொடுத்தால் பிரச்சினை தீரும் என்று நம்புகிற நன்கொடையாளர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

கால்பந்தில் இதற்கு இணையான சான்று இன்னும் வலுவானது. பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பின் மருத்துவப் பிரிவு ஆஸ்லோவின் விளையாட்டுக் காய ஆய்வு மையத்துடன் சேர்ந்து உருவாக்கிய ‘ஃபிஃபா 11+’ என்னும் வார்ம் அப் முறையில் பதினைந்து பயிற்சிகள்: எட்டு நிமிடம் மெல்லோட்டம், பத்து நிமிடம் வலுவும் தாவலும் சமநிலையும், கடைசி இரண்டு நிமிடம் வேக ஓட்டமும் திசைமாற்றமும். 2008-இல் வெளியான நார்வே ஆய்வில் 13 முதல் 17 வயது வரையான 1,892 வீராங்கனைகள் கண்காணிக்கப்பட்டனர். இதைச் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் கடுமையான காயங்கள் பாதியை ஒட்டியும் குறைந்தன. தொடைப் பின்தசைக்கென்றே ஒரு தனிப் பயிற்சி உண்டு. முழங்காலிட்டு நிற்பவரின் கணுக்கால்களைத் தோழர் பின்னிருந்து அழுத்திப் பிடிக்க, இடுப்பு மடங்காமல், தலை முதல் முட்டு வரை ஒரே கோடாக, முடிந்தமட்டும் மெதுவாக முன்னால் சாய வேண்டும். தாங்க முடியாத இடத்தில் கைகளை ஊன்றி விழலாம். கருவி வேண்டாம், காசு வேண்டாம். டென்மார்க்கில் 50 அணிகளில் 942 வீரர்களை வைத்து நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், இதைப் பழகியோரிடையே பின்தசைக் காயம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. மாறாக, நம் மைதானங்களில் வார்ம் அப் என்ற பெயரில் நடக்கும், நின்ற இடத்திலேயே தசையை இழுத்துப் பிடிக்கும் பழக்கத்துக்கு இத்தகைய ஆதரவு இல்லை. 2000-ஆம் ஆண்டு வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 1,538 இராணுவப் புதுமுகங்களைச் சோதித்து, அதனால் காயம் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்று காட்டியது.

கடல் தொழில் செய்கிறவர் உடல் ஏற்கெனவே உரமேறியது, அவருக்கு எதற்கு இதெல்லாம் என்பது முதல் மறுப்பு. உரம் உண்மை, ஆனால் அது வேறு வகை உரம். கரைமடி இழுப்பதும், வள்ளத்தை மணலில் ஏற்றுவதும், ஐஸும் மீனும் நிறைந்த பெட்டியைத் தூக்குவதும் முதுகுக்கும் தோளுக்கும் கைப்பிடிக்கும் வலுவூட்டும். ஆடும் படகின் தளத்தில் நிற்பது கணுக்காலுக்கும் சமநிலைக்கும் நல்ல பழக்கம். இவற்றில் எதிலும் முழு வேகத்தில் ஓடி, ஓரடியில் நின்று, திசை மாற்றும் வேலை இல்லை. உடல் தான் பழகிய வேலைக்கே தகவமைகிறது. ஒரு வேலையின் வலு இன்னொன்றுக்கு அப்படியே போய்ச் சேர்வதில்லை. உரமான உடல் என்ற நம்பிக்கையே ஒருவரைத் தயாரிப்பில்லாமல் ஆடுகளத்தில் இறக்கிவிடுகிறது என்பதால், காய ஆபத்தில் அந்த நம்பிக்கைக்கும் பங்கு உண்டு.

ஐரோப்பியப் புல்தரையில் கிடைத்த முடிவை வெறுங்காலோடு மணலில் ஆடுகிறவர்களுக்கு எப்படிப் பொருத்துவது என்பது இரண்டாவது மறுப்பு, இது கனமானது. அதே பயிற்சி முறை நைஜீரியாவின் லாகோஸில் 14 முதல் 19 வயது வரையான 416 இளைஞர்களிடம் சோதிக்கப்பட்டு 2014-இல் முடிவுகள் வெளியாயின: மொத்தக் காயங்கள் 41 விழுக்காடும், கால் காயங்கள் 48 விழுக்காடும் குறைந்தன. வெப்பமும் வசதிக் குறைவும் இந்த முறையைத் தோற்கடிக்கவில்லை என்பதற்கு இது போதுமான சான்று. மணலைப் பொறுத்தவரை வேறொன்றைக் கவனிக்க வேண்டும். மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று அளந்திருக்கிறார்கள். அது மூச்சுத் திறனை வளர்க்கும். கால் பதியும் அதிர்ச்சியைக் குறைக்கும். ஆனால் மாலைதோறும் கடற்கரை மணலில் ஆடிவிட்டு, போட்டி நாளில் மழை காய்ந்து இறுகிய செம்மண் தரையில் ஸ்டட் காலணியோடு இறங்கினால், மணலில் வழுக்கி விலகிய பாதம் இங்கே பிடித்து நிற்கும். திருகும் விசை முட்டுக்கு ஏறும். ஆகவே தரை வேறுபாடு இந்தப் பயிற்சியைத் தள்ளுபடி செய்யக் காரணமாகாது. போட்டிக்குச் சில வாரங்கள் முன்பே கெட்டித் தரையில், போட்டிக் காலணியோடு, இறங்கும் முறையையும் திரும்பும் முறையையும் பழக வேண்டும் என்பதற்கே அது காரணமாகிறது.

மூன்றாவது மறுப்பு உள்ளூர் மரபிலிருந்து வருகிறது. குமரி மாவட்டம் வர்ம மருத்துவத்தின் தாயகங்களில் ஒன்று. 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று 108 இடங்களை அடையாளம் கண்ட மரபு அது. சுளுக்கினால் முதலில் ஆசானிடம் போவதும் எண்ணெய் தடவிக் கட்டுப் போடுவதும் இங்கே இயல்பு. ஆசான் இருக்கப் பிசியோதெரபிஸ்ட் எதற்கு என்ற கேள்வியை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. ஆனால் அந்த மரபைக் கூர்ந்து பார்த்தால் அது இக்கட்டுரையின் வாதத்துக்கே துணை நிற்கிறது. ஆசான் மருத்துவர் மட்டுமல்லர், அடிமுறை என்னும் தற்காப்புக் கலையைக் கற்றுக்கொடுப்பவரும் அவரே. ஒற்றைச் சுவடு, கூட்டச் சுவடு என்று தாழ்ந்து நிற்கவும் எடை மாற்றவும் திரும்பவும் மாதக்கணக்கில் பழக்கிய பிறகே மோதவிடுவார். முட்டு மடங்கிய நிலையில் உடலை ஆள்வதுதான் அந்தப் பழக்கத்தின் சாரம். பயிற்சியையும் சிகிச்சையையும் ஒரே கையில் வைத்திருந்த அந்த ஏற்பாட்டில், கால்பந்துக்காரர்கள் சிகிச்சையை மட்டும் எடுத்துக்கொண்டு பயிற்சியை விட்டுவிட்டார்கள். அதே வேளையில் வரம்பும் சொல்லியாக வேண்டும். முற்றாக அறுந்த முன்சிலுவை நார் தடவலால் ஒன்றுகூடும் என்று நம்ப இடமில்லை. வீங்கிய, நிலையற்ற முட்டுக்கு எலும்பு மருத்துவரின் பரிசோதனை தேவை.

நான்காவதாக, எல்லா வசதியும் உள்ள தொழில்முறை வீரர்களுக்கே காயம் படுகிறதே என்பார்கள். இதே மாவட்டத்தின் இரவிபுத்தன்துறையிலிருந்து ஐ.எஸ்.எல். கால்பந்துத் தொடர் வரை சென்ற மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பர் 20 அன்று ஏ.டி.கே. மோகன் பகானுக்காகக் கேரளா பிளாஸ்டர்ஸை எதிர்த்து ஆடிய பருவத்தின் முதல் ஆட்டத்தில், முதல் பாதியிலேயே முழங்கால் காயத்துடன் வெளியேறினார். அந்தப் பருவமே அவருக்குப் போயிற்று. தடுப்புப் பயிற்சி எல்லாக் காயத்தையும் தடுக்கும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. அது ஆபத்தின் விகிதத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. தொழில்முறை வீரருக்கும் முட்டத்து இளைஞருக்கும் உள்ள உண்மையான வேறுபாடு காயத்துக்குப் பின்தான் தெரியும். முன்சிலுவை நார் அறுவைக்குப் பின் ஆட்டத்துக்குத் திரும்புவதை, ஒன்பது மாதம் வரை, ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயம் 51 விழுக்காடு குறைந்ததாக 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஒப்பந்தமும் மருத்துவக் குழுவும் உள்ளவர் காத்திருக்கலாம். நாட்கூலியும் பங்குக் காசும் நம்பி வாழும் வீட்டில் ஒன்பது மாதம் என்பது தாங்கக்கூடிய கணக்கு அன்று; அவர் பாதி ஆறிய முட்டோடு படகேறுவார். குணப்படுத்தும் வசதி குறைந்த இடத்தில்தான் தடுப்பின் மதிப்பு கூடுகிறது.

இதை யார் நடத்துவது? ஊருக்கு ஊர் விளையாட்டுப் பிசியோதெரபிஸ்டை அமர்த்துவது நடவாத காரியம். அதற்குத் தேவையும் இல்லை. நார்வேயிலும் லாகோஸிலும் பயிற்சியை நடத்தியவர்கள் அணியினரே. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறை மருத்துவர்களை வீட்டு வாசல்வரை கொண்டுவந்திருக்கிறது. இன்று அவர்கள் பெரும்பாலும் முடங்கியவர்களையும் முதியவர்களையும் பார்க்கிறார்கள். அதுவும் வேண்டிய பணியே. அதே பணியாளர்கள் ஐப்பசியில் ஓரிரு மாலைகளைப் தேவாலயப் பங்கின் இளைஞர் அணித் தலைவர்களுக்கு ஒதுக்கினால், மார்கழிக்கு முன் பயிற்சி வேரூன்ற ஆறு, ஏழு வாரம் கிடைக்கும். கிடைத்த வாரங்களை விடாமல் பயன்படுத்துவதில்தான் பலன் இருக்கிறது: நார்வே ஆய்வின் தொடர்ச்சியில், பயிற்சியை அடிக்கடி செய்தவர்களுக்கே காய ஆபத்து கூடுதலாகக் குறைந்திருந்தது. எனவே போட்டி நடத்தும் குழுக்கள் இரண்டு விதிகளைச் சேர்க்கலாம்: ஆட்டம் தொடங்கும் முன் அணி மைதானத்தில் இருபது நிமிடப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும்; ஒரே நாளில் ஓர் அணிக்கு இரண்டு ஆட்டம் வைக்கக் கூடாது. காயத்தை விதியென்று ஏற்றுக்கொண்டிருக்கும் கரையில், பரிசுக் கோப்பைக்கு ஆகும் செலவைவிடக் குறைந்த செலவில் செய்யக்கூடியவை இந்த இரண்டும்.