கண்ணிவெடி வணிகத் தடை

மிதித்தால் வெடிக்கும் ஆள் எதிர்ப்புக் கண்ணிவெடிகள் (ஈழ வழக்கில் மிதிவெடி) நாடுவிட்டு நாடு விற்கப்படுவதைத் தடுக்க அரசுகள் எடுத்த நடவடிக்கைகள். முதல் பெரிய அடியை வைத்தது அமெரிக்கா. செனட்டர் பேட்ரிக் லேகி முன்னெடுத்த சட்டம் 1992 அக்டோபரில் ஏற்றுமதியை ஓராண்டுக்கு நிறுத்தியது. மறு ஆண்டு அதன் நீட்டிப்பைச் செனட்டில் ஒருவரும் எதிர்க்கவில்லை. 1993 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் ஏற்றுமதியை நிறுத்திவைக்குமாறு எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது.

1996இல் திருத்தப்பட்ட மரபுவழி ஆயுத உடன்படிக்கையின் இரண்டாம் நெறிமுறை, கருவிகளால் கண்டறிய முடியாத வெடிகளைக் கைமாற்றுவதைத் தடுத்தது. 1997இல் கையெழுத்தாகி 1999 மார்ச் 1இல் நடப்புக்கு வந்த ஒட்டாவா உடன்படிக்கை இதைவிடக் கடுமையானது. பயன்பாடு, உற்பத்தி, இருப்பு ஆகியவற்றோடு கைமாற்றத்தையும் அது முற்றாக விலக்கியது. அழிப்பதற்காகவோ, வெடி அகற்றும் பயிற்சிக்காகவோ கொண்டுசெல்வது மட்டும் விதிவிலக்கு. வெடி புதைந்த நிலம் கைமாறினால் அது கைமாற்றம் ஆகாது என்ற நுணுக்கமும் அதில் உண்டு.

ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. இந்தியா இணையவில்லை, எனினும் ஏற்றுமதித் தடையைக் கடைப்பிடிக்கிறது. சீனா, ரஷ்யா, அமெரிக்காவும் வெளியேதான். 2024 நவம்பரில் உக்ரைனுக்கு இவ்வகை வெடிகளை வழங்க அமெரிக்கா ஒப்புக்கொண்டது. வணிகத் தடைக்கு வழிகாட்டிய நாடே இப்படிச் செய்தது முரண்தான். உக்ரைனோ அப்போது உடன்படிக்கையில் உறுப்பு நாடு. 2025இல் எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகியவை விலகல் அறிவிப்பைக் கொடுத்தன.