எண்ணெய் முந்தி, ஓட்டம் பிந்தி

தோட்ட வரலாறு என்றதும் பால்மரமும் வெட்டுக் கத்தியுமே நினைவுக்கு வருகின்றன. ஆலையை இயக்கிய எஞ்சினும், அதனைக் காத்து ஓட்டியவர்களும் அரிதாகவே நினைக்கப்படுகின்றனர்.

நெகிரி செம்பிலானில் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைக்கும் இருப்புப்பாதை 1891இல் திறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லிங்கி, ரந்தாவ், லாபு, பகாவ் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. மரத்திலிருந்து எடுத்த பால் அமிலம் சேர்த்து உறைய வைக்கப்பட்டு, உருளைகளுக்கிடையே பிழியப்பட்டுத் தகடாக வேண்டும். உறைந்த பால் காத்திராது. தாமதித்தால் இறுகித் தரங்கெடும். பெரிய ஆலைகளில் அவ்வுருளைகளைச் சுழற்றியது எஞ்சினே. ஆதலின் எஞ்சின் பழுதுற்றால் பலருடைய உழைப்பும் பாழாகும்.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மேலைநாட்டுச் சந்தைகள் அடைபட்டன. தொழிலாளர் பலர் சயாம் இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஆலைகள் பல ஓய்ந்தன. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் ஆட்சி மீண்டது. தோட்டங்கள் மெல்ல உயிர்பெற்றன. நெடுநாள் உறங்கிய எஞ்சினை எழுப்புதல் எளிதன்று. அதனைப் பிரித்துத் துடைத்து, தேய்ந்த உறுப்புகளை மாற்றிப் பூட்டியாக வேண்டும்.

அவ்வாறு பூட்டிய எஞ்சினுக்கு இடர் மிகுந்தவை முதற்சில நொடிகளே. பம்பும் குழாய்களும் வறண்டிருக்கும். தண்டு சுழன்ற பின்னரே பம்பு எண்ணெயைத் தள்ளும். அதற்குள் உலோகத்தோடு உலோகம் உரசித் தாங்கிகள் கெடும். சுழலும் தண்டு, தாங்கியைத் தொடாமல் எண்ணெய்ப் படலத்தின்மீது மிதக்கிறது என்பதை 1883இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் சோதனையால் காட்டினார். 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணித விளக்கம் தந்தார். படலம் உண்டாகச் சுழற்சி வேண்டும். சுழற்சிக்கு முன்பே எண்ணெய் வேண்டும்.

ஆகவே, தாங்கிகளைப் பூட்டும்போதே எண்ணெய் பூசுவர். பம்பையும் வடிகட்டியையும் நிரப்புவர். பின்னர் எரிபொருளை அடைத்து, வால்வைத் தூக்கி உள்ளழுத்தத்தை நீக்கி, பெருஞ்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றுவர். எண்ணெய் எங்கும் சென்றடைந்தமை தெரிந்த பின்னரே எரிபொருள் திறக்கப்படும். சொட்டுக் குப்பி பொருத்திய பழைய எஞ்சினாயின், கண்ணாடி வழியே சொட்டு விழுவதைக் கண்ட பின்னரே ஓட்டம்.

இவ்வறிவின் வேர் தமிழர்க்குப் புதிதன்று. மாட்டுவண்டியின் அச்சுக்கு மசகிட்டு ஓட்டியது நம் மரபு. அச்சொல்லே இன்று மசகெண்ணெய் என எஞ்சினுக்கும் வழங்குகிறது. வண்டிக்காரன் பட்டறிவால் உணர்ந்ததை அறிவியல் பின்னர் விளக்கிற்று.

காலப்போக்கில் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின, பல துண்டாடப்பட்டன, ஆலைகளும் மூடப்பட்டன. கையிலிருந்து கைக்கு மாறிய எஞ்சின் வீட்டுத் தொழிலறிவு ஏட்டில் ஏறாமலே மறைந்து வருகிறது. அதனை அறிந்த முதியோர் நம்மிடையே வாழும்போதே மாணவர் கேட்டெழுதுதல் வேண்டும். ஆசிரியர் அதற்கு வழிகாட்டுதல் வேண்டும். பால் வெட்டிய கையோடு சக்கரம் சுழற்றிய கையும் சேர்ந்தாலன்றித் தோட்டத் தமிழர் வரலாறு நிறைவுறாது.