குறியீடும் எழுத்துச் சரமும்: ஒரு வரலாற்று நோக்கு

கணனியின் தொடக்ககாலப் பணி பெரும்பாலும் எண் கணிப்பாகவே அமைந்தது. சொற்களையும் கருத்துக்களையும் அதனிடம் ஒப்படைக்க முற்பட்டபோது, பெயர் என்பது யாது என்னும் வினா செய்நிரலாளர் முன் எழுந்தது. அதற்கு இரு விடைகள் தோன்றின: ஒன்று எழுத்துச் சரம்; மற்றையது குறியீடு.

சரம் என்பது எழுத்துக்களின் வரிசையே. ‘மரம்’ என்னும் சரம் பத்து இடங்களில் எழுதப்படின், நினைவகத்தில் பத்துப் பிரதிகள் இருத்தல் கூடும். இரண்டு சரங்கள் ஒன்றா என அறிய எழுத்தெழுத்தாக ஒப்பிடல் வேண்டும். குறியீடோ எத்தனை முறை எழுதப்படினும் ஒரே பொருளையே சுட்டும்.

1958ஆம் ஆண்டு மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஜோன் மக்கார்தி லிஸ்ப் மொழியை உருவாக்கத் தொடங்கினார். அது முதலில் இயங்கிய ஐ.பி.எம். 704 கணனியின் நினைவக அறையொன்று 36 துவித இலக்கங்களைக் கொண்டது. அதில் ஆறு எழுத்துக்களே அடங்கும். நீண்ட பெயர்களை ஒவ்வொரு முறையும் ஒப்பிடுதல் வீண் உழைப்பாகும். எனவே, ஒரு பெயர் வாசிக்கப்பட்டதும் அறியப்பட்ட பெயர்களின் பட்டியல் தேடப்பட்டது. அது ஏலவே இருப்பின் அதே பொருள் எடுத்தாளப்பட்டது; இல்லையேல் புதிதாக ஆக்கப்பட்டது. அதன்பின் இரு நினைவக முகவரிகளை ஒப்பிடுதலே போதுமானது. 1962இல் வெளிவந்த லிஸ்ப் 1.5 கைந்நூலின்படி, குறியீட்டின் எழுத்து வடிவம் அதன் பண்புப் பட்டியலிலேயே வைக்கப்பட்டது. அதாவது, பெயரானது பொருளின் பண்புகளுள் ஒன்றாயிற்று.

எழுத்துக்களே ஆய்வுப்பொருளாகும் பணிகளுக்கு இம்முறை போதாது. 1962இல் பெல் ஆய்வுகூடத்தில் பாபர், கிறிஸ்வோல்ட், பொலொன்ஸ்கி ஆகியோர் தொடங்கிய ஸ்னோபோல் மொழி, சரத்தையே மையமாகக் கொண்டது.

குறியீட்டின் நிலைபேறு சிலவேளை தீங்காகவும் முடிந்தது. 1995இல் மற்சுமோற்றோ வெளியிட்ட றூபி மொழியில், ஒருமுறை ஆக்கப்பட்ட குறியீடு நிரல் முடியும்வரை நினைவகத்தை விட்டு நீங்கவில்லை. வெளியார் அனுப்பும் உரையைக் குறியீடாக மாற்றிய நிரல்களுக்கு இது ஆபத்தாயிற்று. தீயநோக்குடையோர் புதுப்புதுப் பெயர்களை இடையறாது அனுப்பி, நினைவகத்தை நிரப்பி, நிரலை முடக்குதல் சாத்தியமாயிற்று. 2014 டிசெம்பரில் வெளிவந்த 2.2ஆம் பதிப்பு, நிரல் இயங்குகையில் தோன்றும் குறியீடுகளைப் பயன் முடிந்தபின் அகற்ற வழிசெய்தது.

ஆகவே, இவ்வேறுபாடு விரைவு பற்றியது மாத்திரமன்று. நிரல் தானே அறிந்து வழங்கும் பெயருக்குக் குறியீடும், புறத்தேயிருந்து வரும் உரைக்குச் சரமும் உரியன. இவ்வெல்லை மறக்கப்பட்டவிடத்தே கேடு விளைந்தது என்பதை வரலாறு உணர்த்துகின்றது.